மீத்திறன் பிள்ளையும் ஒரு கையெழுத்தும்

தை மாதத்துக் கடைசி வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, கேட்டியில் எமது தொடர்மாடிக்கு அடுத்த கட்டடத்தில் வசிக்கும் ஒரு தாய் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தாயின் கையிலே பாடசாலையிலிருந்து வந்த ஒரு படிவம். மகனின் கையிலே அட்டை மடங்கிப்போன ஓர் ஆங்கில நாவல். "ரீச்சர், இதில நான் கையெழுத்து வைக்கலாமோ? ஆமிப் படிப்பெண்டு கிடக்கு" என்றார் அவர். 'ஆமி' என்ற சொல் வந்தபோது அவருடைய குரல் தானாகவே தாழ்ந்தது. இந்த ஊரிலே பக்கத்து வீட்டார்க்குத் தமிழ் விளங்காது என்பதை அவர் அறிவார். ஆயினும் சில சொற்களைச் சுவருக்குக் கேளாமலே சொல்லிப் பழகியவர்கள் நாம்.

படிவம் பெரிய விடயமன்று. அடுத்த வருடம் உயர்நிலைப் பாடசாலையிலே, ஒன்பதாம் வகுப்பில், பிள்ளை எடுக்க விரும்பும் பாடங்களின் பட்டியல் அது. கணிதம், உயிரியல், ஸ்பானிய மொழி என்று வரிசையாகக் குறியிட்டு வந்த பையன், கடைசியில் 'ஜே.ஆர்.ஓ.ரி.சி.' என்ற இடத்திலும் குறியிட்டிருந்தான். ஏனென்று கேட்டேன். விண்வெளிக்குப் போனவர்களிற் பலர் படையிலிருந்து போனவர்கள் என்றும், தானும் அவ்வழியே போகப்போவதாகவும் சொல்லி, கையிலிருந்த நாவலைக் காட்டினான். மீத்திறன் பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் அவன் நான்காம் ஆண்டிலிருந்து படித்து வருகிறான். அத்தகைய பிள்ளைகளைத் தேடிக் கண்டறிந்து அவர்களுக்கு ஏற்ற கல்வியை அளிக்குமாறு ரெக்சாஸ் மாநிலச் சட்டம் ஒவ்வொரு பாடசாலை மாவட்டத்தையும் பணிக்கிறது. மகன் அந்த வகுப்புக்குத் தெரிவானது பற்றித் தாய்க்குள்ள பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை. மறைக்கவேண்டிய தேவையும் இல்லை.

நாவலை என்னிடம் விட்டுச் செல்லும்படி கேட்டேன். வரலாறும் தமிழும் படித்த கலைப்பட்டதாரி நான். விஞ்ஞானக் கதைகளில் எனக்கு என்றுமே நாட்டம் இருந்ததில்லை. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு மூன்று இரவுகளில் படித்து முடித்தேன். மூன்றாம் இரவு உறக்கம் வரவில்லை.

ஓர்சன் ஸ்கொட் கார்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1977ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகைக்குச் சிறுகதையாக எழுதி, 1985இல் நாவலாக விரித்த கதை அது. 'என்டர்ஸ் கேம்' என்பது பெயர். 2013இல் திரைப்படமாகவும் வந்தது. எறும்பினத்தை ஒத்த வேற்றுக்கிரக உயிர்கள் இருமுறை பூமியைத் தாக்கியிருக்கின்றன. மூன்றாம் முறையும் வருமென்ற அச்சத்தில் உலகம் இருக்கிறது. அந்தப் போரை நடத்தவல்ல தளபதியைப் பெரியவர்களிடையே காணமுடியாதென்று கருதிய படைத்துறை, பிள்ளைகளிடையே தேடுகிறது. பிள்ளைகளின் பிடரியில் ஒரு கருவியைப் பொருத்தி, அவர்கள் காண்பதையும் கேட்பதையும் கண்காணிக்கிறார்கள். அன்ரூ விகின் என்ற சிறுவன், வீட்டார் அழைக்கும் பெயரால் என்டர், அவ்வாறு கண்டெடுக்கப்பட்டவன். வயது ஆறு. பூமிக்கு மேலே சுற்றிவரும் போர்ப்பாடசாலைக்கு அவனை அழைத்துச் செல்லக் கேணல் கிராஃப் என்ற அதிகாரி வீட்டுக்கு வருகிறார்.

எம் போன்ற குடும்பங்கள் நின்று படிக்கவேண்டிய இடம் இதுதான். தாயும் தந்தையும் கலங்குகிறார்கள். ஆனால் அவர்களிடம் கேட்பதற்கு அதிகாரிக்கு எதுவும் மீதமில்லை. அந்நாட்டுச் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகளே உண்டு. மூன்றாவது பிள்ளையாகிய இவனைப் பெற அரசு அனுமதித்தபோதே, அவன் கருவிலிருந்த காலத்தில், சம்மதத்தை எழுத்தில் வாங்கியிருந்தார்கள். அதன் பிறகு அதிகாரி பையனைத் தனியே இருத்தி, அவனுடைய விருப்பத்தைக் கேட்கிறார். விரும்பி வருபவனே நல்ல தளபதி ஆவானாம். ஆறு வயதுப் பிள்ளை யோசித்துவிட்டு, வருகிறேன் என்கிறான்.

அங்கே எடையற்ற ஒரு பெரிய அறையிலே பிள்ளைகளை அணிகளாகப் பிரித்து, ஒருவரோடொருவர் மோதவிடுகிறார்கள். மேலும் இல்லை கீழும் இல்லை என்ற அந்த வெளியில், எது கீழ் என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று என்டர் முதல் நாளிலேயே கண்டுபிடிக்கிறான். இந்தப் பகுதிகளைப் பையன்கள் ஏன் இரவிரவாகப் படிக்கிறார்கள் என்பது எனக்கும் விளங்கியது. கூர்மையான பிள்ளையின் மூளை வேலை செய்யும் விதத்தை அவ்வளவு அழகாகக் கார்ட் எழுதியிருக்கிறார். அமெரிக்க மரைன் படை தன் வீரர்களுக்கு வெளியிட்ட வாசிப்புப் பட்டியலில் இந்நாவலும் இடம்பெற்றிருந்தது. ஆனால் பாடசாலையை நடத்துவோர் என்டரைத் திட்டமிட்டுத் தனிமைப்படுத்துகிறார்கள். நட்புக் கிடைத்தால் பிரிக்கிறார்கள். களைத்தால் இன்னும் கடினமான போட்டியை வைக்கிறார்கள். தனக்கு உதவ எவருமே வரமாட்டார்கள் என்று அவன் நம்பவேண்டும் என்பதே அவர்களின் பாடத்திட்டம்.

கடைசியில் இறுதிப் பரீட்சை. திரைமுன் அமர்ந்து, பயிற்சி விளையாட்டென்று எண்ணி, எதிரியின் கிரகத்தையே அவன் தகர்க்கிறான். சுற்றி நின்ற பெரியவர்கள் அழுகிறார்கள், மண்டியிட்டுத் தொழுகிறார்கள். பிறகே சொல்கிறார்கள்: அது பரீட்சையன்று, மெய்யான போர், அவன் ஆணையிட்ட கப்பல்களில் மெய்யான மனிதர் இருந்தார்கள், ஓர் உயிரினமே அழிந்துவிட்டது. அப்போது அவனுக்குப் பதினொரு வயது. இரக்கம் உள்ளவனாலேயே எதிரியைப் புரிந்து வெல்ல முடியும், ஆனால் இரக்கம் உள்ளவன் தெரிந்துகொண்டு அதைச் செய்யமாட்டான், ஆகையால் தெரியாமலே செய்வித்தோம் என்று அவர்கள் விளக்கம் கூறுகிறார்கள்.

அடுத்த வீட்டுப் பையன் இதை ஒரு வெற்றிக் கதையாகப் படித்திருந்தான். எனக்கோ கருவிலேயே வாங்கிய அந்தக் கையெழுத்தைத் தாண்டி மனம் போகவில்லை.

வாசகர்கள் மன்னிக்கவேண்டும், என் சொந்தக் கதை ஒன்றை இங்கே சொல்லாமல் மேலே எழுத இயலவில்லை. 1998ஆம் ஆண்டு, வன்னியிலே, இடம்பெயர்ந்து கிடுகுக் கொட்டிலில் இயங்கிய ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத குறையால் பத்தாம் வகுப்புக் கேத்திரகணிதமும் என் தலையில் விழுந்தது. ஒருநாள் ஒரு தேற்றத்தின் நிறுவல் பாதியிலே எனக்குத் தடைப்பட்டுவிட்டது. கடைசி வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழுந்து வந்து, "ரீச்சர், இந்தப் பக்கத்தால ஒரு கோடு கீறினாச் சரி" என்று சொல்லி, தரையின் மணலில் ஈர்க்கால் கீறிக் காட்டினான். ஒரு கோடுதான், முழு நிறுவலும் தானாக விழுந்தது. மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில் சில துளி மண்ணெண்ணெய் விட்டுப் படித்த பிள்ளை அவன். விளக்கு அணைந்தால் முற்றத்தில் படுத்து வெள்ளிகளைப் பார்ப்பேன் என்பான். ஒரு வெள்ளியின் ஒளி எம்மை வந்தடைய எத்தனை வருடம் செல்லுமென்று என்னைக் கேட்பான். எனக்கா தெரியும்?

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவனை முன்னே அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் புகழ்ந்தேன். இப்படியொரு மூளை ஆயிரத்தில் ஒருவனுக்கே வாய்க்கும் என்றேன். அந்தக் கொட்டிலுக்குச் சுவர் இல்லை; வீதியால் போவோர் வருவோர் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு மாதத்தில் அவனுடைய இடம் வெறுமையாயிற்று. எவர் அழைத்தார், அழைக்காமலே போனானா என்பதை நான் அன்றும் அறியேன், இன்றும் அறியேன். அறியாததை எழுதவும் மாட்டேன். அவனுடைய தாய் பாடசாலைக்கு வந்தார். மகனின் கொம்பாசுப் பெட்டி அவர் கையில் இருந்தது. "ரீச்சர், உங்களிட்ட ஏதும் சொன்னவனோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவனுக்கு வயது பதினைந்து. அதன்பின் எந்த மாணவனையும் நான் கூட்டத்தில் வைத்துப் புகழ்ந்ததில்லை. மாணவரிடம் கருமியாக நடப்பவள் என்று பின்னர் எனக்கொரு பெயரும் வந்தது.

எமது போரில் சிறுவர்கள் படைகளிற் சேர்க்கப்பட்டமை பொதுப்பதிவில் உள்ள விடயம், மறுப்பதால் மறையாது. 2003இல் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் யுனிசெப் நிறுவனத்தோடு இணங்கிச் செய்த செயற்றிட்டம் சிறாரை விடுவித்து வீடு சேர்ப்பதற்காகவே எழுந்தது. 2004இல் கிழக்கில் பிளவு நிகழ்ந்தபோது பெருந்தொகையான பிள்ளைகள் வீடு திரும்பினர்; திரும்பியவர்களிற் சிலரை மீண்டும் தேடி வந்தார்கள். கிழக்கிலே பிரிந்து நின்ற அணியும் 2008 இறுதியில் இதே பொருள் பற்றி ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, அரசு சாராத ஆயுதக் குழுக்கள் பதினெட்டு வயதுக்குக் குறைந்த எவரையும் சேர்க்கலாகாது என்கிறது. அரசுகளுக்கோ சிறிது இடம் விட்டிருக்கிறது: பதினெட்டுக்குக் குறைந்தவரைக் கட்டாயப்படுத்திச் சேர்க்கக்கூடாது, விரும்பி வருபவரைச் சில நிபந்தனைகளோடு சேர்க்கலாம். விரும்பி வருதல் என்ற சொற்றொடரை நான் எங்கே கண்டாலும், கேணல் கிராஃப் ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே இருத்திக் கேட்ட அந்த அறைதான் இனி நினைவுக்கு வரும்.

பையனிடம் இவற்றையெல்லாம் ஒரேயடியாகச் சொல்லவில்லை. பதின்மூன்று வயது, அவன் கேட்டதற்கு மறுமொழி சொல்லவேண்டும். விண்வெளிக்குப் படைவழியாகப் போனவர்கள் யார், எத்தனை வயதில் போனார்கள் என்று இருவருமாக நூலகத்தில் தேடினோம். அவனுக்கு அதில் எனக்கிருந்ததை விட வேகம் அதிகம்.

1959இல் அமெரிக்கா முதன்முதல் தெரிந்தெடுத்த எழுவரும் படைத்துறையின் பரீட்சார்த்த விமானிகளே. மிக இளையவருக்கு 32 வயது, மூத்தவராகிய ஜோன் கிளெனுக்கு 37. உருசியரான யூரி ககாரின் 1961இல் சென்றபோது 27. எமது பக்கத்து முகங்களைத் தேடினால், குஜராத்தித் தந்தைக்குப் பிறந்த சுனிதா வில்லியம்ஸ் கடற்படைக் கல்லூரியில் 1987இல் பட்டம் பெற்று, ஹெலிகொப்ரர் ஓட்டி, 1998இல் நாசாவுக்குத் தெரிவாகி, முதன்முதல் விண்ணுக்குச் சென்றது 2006 டிசெம்பரில், தம் 41ஆவது வயதில். 2024 யூனில் ஏறத்தாழ ஒரு வாரத்துக்கென்று போனவர், கலத்தின் கோளாற்றால் 286 நாள்கள் தங்கி 2025 மார்ச்சில் திரும்பியதை நாமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஹைதராபாத்திலிருந்து வந்த தந்தையின் மகன் ராஜா சாரி, விமானப்படைக் கல்லூரியில் 1999இல் தேறி, 2021 நவம்பரில் ஒரு விண்கலத்தின் கட்டளைத் தளபதியாகப் போனபோது 44. அந்தக் கல்லூரிக்கும் விண்ணுக்கும் இடையே இருபது வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளி.

தமிழ்நாட்டிலும் தேடினோம். உடுமலைப்பேட்டைக்கு அப்பால், அமராவதி அணையின் அருகே அமராவதிநகரில் 1962 முதல் ஒரு சைனிக் பாடசாலை இயங்குகிறது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் போட்டிப் பரீட்சை மூலம் ஆறாம் வகுப்பில் சேர்த்து, படை அதிகாரிகளாவதற்குத் தயார்செய்யும் விடுதிப் பாடசாலை. நாவலில் வரும் பாடசாலைக்குத் தமிழ் மண்ணில் உள்ள அண்மையான உறவு அதுவென்று நினைக்கிறேன். ஆயினும் அங்கே படித்து முடித்தவன் படைக்குப் போகாமல் வைத்தியனாகலாம், வாத்தியாராகலாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வரலாம். நாவலின் பாடசாலையில் விடுமுறை இல்லை.

சென்னையில் 1982இல் பிறந்த அஜித் கிருஷ்ணன் என்ற விமானப்படை அதிகாரியின் பெயரைக் கண்டதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்லூரியில் பயின்று, 2003 யூனில் விமானப்படையில் சேர்ந்து, ஏறக்குறைய 2,900 மணித்தியாலம் விமானங்களை ஓட்டியவர். உருசியாவின் ககாரின் பயிற்சி நிலையத்திலும் பயின்றவர். இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குரிய நால்வரில் ஒருவராக 2024 பெப்ரவரி 27இல் அவரை அறிவித்தபோது வயது 41. அந்த நால்வரில் இன்னொருவரான சுபான்ஷு சுக்லா 2025 யூனில் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்று வந்தபோது 39.

"பிள்ளையள் ஒருத்தரும் போகேல்லையோ, ரீச்சர்?" என்று அவன் கேட்டான். 2021இல் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் கட்டணப் பயணியாகப் போய், பத்து நிமிடமளவில் இறங்கிவிட்டான், அவ்வளவே. கேட்டியிலிருந்து ஹூஸ்டனைக் குறுக்கறுத்து ஐம்பது மைல் போனால் ஜோன்சன் விண்வெளி நிலையம். அதன் அண்மையில் 202 அடி நீளமும் 102 அடி அகலமும் 40 அடி ஆழமும் கொண்ட ஒரு நீர்த்தடாகத்தை அமைத்திருக்கிறார்கள். விண்வெளி உடையோடு அதில் அமிழ்ந்து, மிதக்காமலும் தாழாமலும் நின்று, ஒரு முறைக்கு ஆறு மணித்தியாலம் வரை ஆணி முடுக்கப் பழகுகிறார்கள். நாவலின் எடையற்ற அறைக்கு மெய்யுலகம் வைத்திருக்கும் மறுமொழி அந்தத் தடாகமே. அங்கே இறங்குபவர்களில் நரைத்த தலைகளும் உண்டு.

கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவைப் பற்றியும் சொன்னேன். எந்தப் படையிலும் சேராமல், பொறியியல் படித்து, எமது ரெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்ரன் பல்கலைக்கழகத்தில் 1984இல் முதுமாணிப் பட்டம் பெற்று, 1994இல் நாசாவுக்குத் தெரிவானவர். 2003 பெப்ரவரி 1ஆம் திகதி இதே மாநிலத்தின் வானில் கொலம்பியா கலம் சிதறியபோது அவரும் மடிந்தார். அவர் எந்த வழியால் போனார் என்பதைப் பையன் தன் கொப்பியில் குறித்துக்கொண்டான்.

இனி, தாய் கேட்ட கேள்வி. இதே படிவம் வேறு வீடுகளுக்கும் வந்திருக்கும் என்பதால் சற்று விளக்கமாக எழுதுகிறேன். ஜே.ஆர்.ஓ.ரி.சி. என்பது உயர்நிலைப் பாடசாலையில் ஒரு பாடம். சீருடை, அணிநடை, பதவிநிலைகள் உண்டு. ஓய்வுபெற்ற படையினரே பெரும்பாலும் படிப்பிக்கிறார்கள். அதில் படித்ததனால் படையிற் சேரவேண்டுமென்ற கடப்பாடு எதுவும் இல்லை. படையிற் சேர்வது வேறு விடயம்: பதினேழு வயதில் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், பதினெட்டில் அதுவும் வேண்டாம். சுனிதாவும் சாரியும் படித்த கல்லூரிகளில் இடம்பெற அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பச்சை அட்டை போதாது. இன்னொன்றையும் எம்மவரில் பலர் அறியார். உயர்நிலை மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கங்களை ஆட்சேர்ப்பு அதிகாரிகள் கேட்டால், பாடசாலை கொடுக்கவேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். கொடுக்கவேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் கொடுக்கமாட்டார்கள். வருடத் தொடக்கத்தில் வரும் கத்தைக் கடதாசிகளுக்குள் அதற்கான படிவமும் இருக்கும். இல்லையேல் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவற்றைத் தாய்க்கு விளங்கப்படுத்தினேன். கையெழுத்து வையுங்கள் என்றோ வைக்கவேண்டாம் என்றோ சொல்லவில்லை. மகன் அந்த வகுப்பில் அணிநடை பழகுவதால் ஒன்றும் குடிமுழுகாது என்பது என் எண்ணம், அதையும் மறைக்கவில்லை. "அவன்ர கெட்டித்தனத்தை ஆரும் கண்டிடுவினமோ எண்டுதான் பயம், ரீச்சர்" என்றார். ஊரில் பிள்ளையைக் கெட்டிக்காரனாக வளர்க்கப் பாடுபட்ட தாய்மாரே அந்தக் கெட்டித்தனத்தை ஒளித்து வைக்கவும் பாடுபட்டார்கள் என்பதை எந்தப் படிவத்தில் எழுதி இங்குள்ள ஆசிரியருக்கு விளக்குவது?

நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது, மணலில் கோடு கீறிய மாணவனைப் பற்றிப் பையனிடம் சொன்னேன். தாயும் இருந்தார். பையன் இடைமறிக்காமல் கேட்டான்.

"பிறகு அவர் வந்தவரோ?"

"இல்லை."

சிறிது நேரம் புத்தகத்தின் மடிந்த அட்டையை நீவிக்கொண்டிருந்தான். பின்னர், "அந்தக் கோடு எங்கால கீறினவர்?" என்று கேட்டான். ஒரு தாள் எடுத்து முக்கோணத்தை வரைந்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்த இடம் எனக்கு மறக்கவில்லை. அவன் பென்சிலை வாங்கி, மிச்ச நிறுவலைத் தானே எழுதத் தொடங்கினான். தாய் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அதைக் கொடுப்பதற்கு வெள்ளிக்கிழமை வரை தவணை இருக்கிறது.